கொக்குக் கம்பெனி நன்றாகத்தான் இருக்கும்

சின்ன வயதில் டீவியில் மாட்டி விளையாடினோமே, அந்தக் கொக்குப் பெட்டி மறுபடியும் கடைக்கு வரப்போகிறதாம். காலையிலிருந்து நம் பழைய வகுப்புக் குழுவில் அதே பேச்சு. ஒருவர் படம் போடுகிறார். இன்னொருவர் அதற்குக் கீழே அழும் முகமாக வரிசை கட்டுகிறார். மெர்லிமாவில் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நம் நண்பர் அந்த விளையாட்டின் இசையை வாயாலேயே வாசித்துக் குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். எல்லாருமாகச் சேர்ந்து முன்பதிவு செய்யலாம் என்று யோசனை வேறு. முதல் ஆளாக நான்தான் வருவேன் என்று நினைத்திருப்பீர்கள். நியாயம்தான். நம் வகுப்பில் அந்தக் கம்பெனிக்கு என்னைவிடப் பெரிய ரசிகை யாரும் இருந்ததில்லை.

எனக்குக் குமட்டுகிறது. காரணத்தைக் குரல் பதிவில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படியுங்கள். கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியும் வயதில் இப்போது நம்மில் யாரும் இல்லை.

அந்தக் கம்பெனியின் பெயர் அன்று நம் வாயில் நுழையவில்லை. பெட்டியின் மூடியில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு ஒன்று இருக்கும். அதை வைத்துக் கொக்குக் கம்பெனி என்றோம். அது விட்ட ஒவ்வொரு பெட்டியும் பிறகு என் வீட்டுக்கு வந்திருக்கிறது. வேலைக்குப் போன முதல் வருடம் வாங்கியது ஒன்று. பிள்ளை பிறந்த விடுப்பில், மடியில் குழந்தை தூங்க, அதன் தலைக்கு மேலே இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து விளையாடியது இன்னொன்று. கம்பெனியின் நல்லது கெட்டது பற்றி இணையத்தில் ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் இடங்களிலெல்லாம் நானும் இருக்கிறேன். ஆபீஸில் என்னைப் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. கோப்பும் புடவையுமாக இருக்கிற பெண் இரவுச் சாப்பாட்டுக்கு முன் டீவியில் நீர்நாயைக் கட்டைக்குக் கட்டை தாவ வைத்துக்கொண்டிருப்பாள் என்று யார் நினைப்பார்கள்?

இப்போது அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று பாருங்கள். பழைய இணையக் கடையை மூடிவிட்டது. அங்கே நான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகளில் பாதி இன்று திறக்க மறுக்கின்றன. எழுதிக் கேட்டால், நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியை என்று பதில் வருகிறது. புதிய பெட்டியோடு வரும், கையில் பிடிக்கிற கண்ட்ரோலில் இருக்கும் குச்சி, யாரும் தொடாமலே ஒரு பக்கமாக நகர்கிறது. என் மகனுடையதும் அப்படித்தான் ஆனது. அதையும் எழுதிக் கேட்டேன். சாதனத்தின் ஆயுள் பயனரின் கையாளும் முறையைப் பொறுத்தது என்று மிகப் பணிவாகப் பதில் எழுதினார்கள்.

பயனரின் கை. அந்தக் கம்பெனி கையைப் பற்றிப் பேசி நான் கேட்பது அது முதல் முறை அல்ல.

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டிறுதி விடுமுறை அது. எங்கள் வீடு மெர்லிமாவுக்கு உள்ளே செம்பனைத் தோட்டத்தில் இருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்பா பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அம்மா, அண்ணன், நான், அப்பாவின் தங்கையான அத்தை. அத்தைக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. மலாக்கா டவுன் பக்கம் செங்கில் இருந்த கொக்குக் கம்பெனியின் பாக்டரியில் வேலை. விடியும் முன்னே பாக்டரி பஸ் தோட்டத்து முச்சந்திக்கு வந்து ஹாரன் அடிக்கும். அந்த டீசல் புகை அடங்குவதற்குள் அத்தை ஏறிப் போயிருப்பார். மாலையில் இறங்கும்போது அவர் மேல் ஈயம் உருக்கிய வாசனை இருக்கும். கொஞ்சம் சாம்பிராணி மாதிரி, கொஞ்சம் கருகிய மாதிரி. எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும். நீல அங்கியைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வேன்.

தோட்டத்தில் கொக்குக் கம்பெனிக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டும். அங்கே வேலை கிடைத்தால் அரசாங்க வேலை கிடைத்த மாதிரி. குளிர்சாதனம் உண்டு. காலுக்குத் தனிச் செருப்பு, தலைக்குத் தொப்பி கொடுப்பார்கள். கெண்டீனில் சுடச்சுடச் சோறு. அப்பா முழு வெயிலில் முள்ளுக் குலையைத் தூக்கியவர். தன் தங்கை உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிறாள் என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்வார். கம்பெனிக்காரன் நல்லவன், நேர்மையானவன், நேரத்துக்குச் சம்பளம் போடுகிறான் என்பது அவர் கணக்கு. சம்பளம் நேரத்துக்கு வந்தால் எல்லாமே நேர்மையாக இருக்கும் என்று எப்படித்தான் நம்பினாரோ.

தீபாவளி கழிந்து, பாக்டரியின் ஆண்டு விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கல் நடந்தது. அதில் அத்தைக்குக் கொக்குப் பெட்டி விழுந்தது. அதைத் தயாரிக்கிற பெண்களில் ஒருத்தியால்கூட அதைக் கடையில் வாங்க முடியாது. அதனால் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாருமே பெட்டியைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினார்களாம். மூடியைத் திறந்ததும் வந்த புது பிளாஸ்டிக் மணம், வெள்ளை நுரைப்பஞ்சு கிறீச்சிட்ட சத்தம், கறுப்புக் கேசட்டைச் செருகியபோது உள்ளே விழுந்த அந்தக் ‘டொக்’. எல்லாம் எனக்கு இன்றும் அப்படியே இருக்கிறது.

விளையாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். முதுகில் மூட்டை கட்டிய நீர்நாய். ஆறு நிறைய மிதக்கும் கட்டைகள். ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்குத் தாவி அக்கரை போக வேண்டும். அப்போது ஆண்டிறுதி மழை. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் டீவி இசை கேட்காது. அதனால் அண்ணன் டீவியின் மேல் காதை வைத்துக்கொண்டு உட்காருவான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஈரக் காலோடு வந்து வரவேற்பறையை நிறைப்பார்கள். அம்மா வாசலில் கோணிச்சாக்கு போட்டு வைத்தார். ‘கண்ணு போயிரும், மூள கொழம்பிரும்’ என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு, நீர்நாய் ஆற்றில் விழும்போதெல்லாம் கதவருகில் நின்று உச்சுக்கொட்டுவார்.

முதல் நாள் அத்தை கண்ட்ரோலை என் கையில் கொடுத்து, இடது பக்கமிருந்த சிலுவை மாதிரிப் பொத்தானைக் காட்டினார்.

“இந்தச் சிலுவைக்கு அடியில ஒரு ரப்பர் இருக்கும்லா. அத எடுத்து வைக்கிறதுதான் என் வேல. எங்க லைன்ல வர்றது எல்லாத்துக்கும் நான்தான் வைப்பேன்.”

எனக்கு அது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு பிள்ளை நீர்நாயைத் தாவ வைத்தால் என் அத்தை வைத்த ரப்பரின் மேல்தானே தாவுகிறது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமெல்லாம் இதைச் சொன்னேன். அவர்களும் மரியாதையாகத்தான் சிலுவையை அழுத்தினார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் நீர்நாய் வலப்பக்கம் தாவ மறுத்தது. மேலே போகும், கீழே போகும், இடப்பக்கம் போகும். வலப்பக்கம் அழுத்தினால் அசையாமல் நின்று கட்டையோடு மிதந்து திரையை விட்டே போய்விடும். அண்ணன் என் மேல் பழி போட்டான். நான் அண்ணன் மேல் போட்டேன். அப்பா இருவருக்கும் ஆளுக்கு ஒன்று வைத்தார். விலையுயர்ந்த சாமானை எருமை மாதிரி அழுத்தினால் உடையாமல் என்ன செய்யும் என்பது அவர் தீர்ப்பு.

அன்று மாலை அத்தை வந்து சமையலறை மேசையில் கண்ட்ரோலைத் திறந்தார். உள்ளேயிருந்து சின்ன ரப்பர் வில்லை ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். வலப்பக்கம் விரிசல் விட்டுக் கிழிந்திருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கொஞ்ச நாளாகவே லைனில் வேறு ரப்பர் வருகிறதாம். பழையதைவிட மெல்லியது. கையில் எடுக்கும்போதே தெரிகிறதாம். லைன் லீடரிடம் சொன்னதற்கு, வந்ததை வைத்துவிட்டுப் போ, உனக்கெதற்கு என்று சொல்லியிருக்கிறார்.

“புள்ளைங்கள அடிச்சீங்களே அண்ணே, அதுங்க ஒடைக்கல. ரப்பரு சரியில்ல” என்றார் அத்தை.

அப்பா நம்பவில்லை. அவ்வளவு பெரிய கம்பெனி ஒரு ரப்பரில் போய்க் கஞ்சத்தனம் செய்யுமா என்றார். அத்தை வில்லையில் கிழிந்த வலப்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைத்து மூடினார். வெட்டிய துண்டை டிஷ்யூ காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார். லைன் லீடரிடம் காட்டினார். அவர் வாங்கி, பார்த்து, தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பின் அந்தத் துண்டை யாரும் பார்க்கவில்லை.

இதற்கிடையில் வெளிநாடுகளிலிருந்தும் புகார் போய்ச் சேர்ந்திருந்தது. தலைமையகத்திலிருந்து கோட்டும் டையுமாக ஆட்கள் செங்குக்கு வந்து இறங்கினார்கள். ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டுக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ரப்பரில் எண்ணெய் படிகிறதாம். எண்ணெய் எங்கிருந்து வருகிறது? வேலை செய்யும் பெண்களின் கையிலிருந்து. கைக்கு எங்கிருந்து வருகிறது? தலையிலிருந்து. தேங்காயெண்ணெய்.

அத்தை இதை எங்களிடம் சொன்னது அன்றைக்கு அல்ல. அன்று வீட்டுக்கு வந்தவர் குளிக்கப் போய் நெடுநேரம் வெளியே வரவில்லை. சவர்க்காரம் கரையும் வாசனை மட்டும் கூடம் வரை வந்தது. பிற்பாடு அவருடைய பஸ் சிநேகிதி ஒருத்தி அம்மாவிடம் சொல்லித்தான் தெரிந்தது. தமிழ்ப் பெண்களை மட்டும் தனியாக வரிசையில் நிற்க வைத்தார்களாம். லைன் லீடர் ஒவ்வொருத்தியாக வந்து தொப்பியைக் கழற்றச் சொல்லித் தலையை முகர்ந்து பார்த்தாராம். கோட்டு போட்டவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்களாம். அத்தையின் முறை வந்தபோது, அவர் தொப்பியைக் கழற்றாமலே ரப்பரைப் பற்றிப் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். பிறகு அடுத்தவளிடம் போனார்களாம்.

இதில் என்னால் இன்றுவரை செரிக்க முடியாதது எங்கள் வீடு நடந்துகொண்ட விதம். அம்மா அத்தையைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து எண்ணெய் வைக்காமல் போம்மா, வேலை முக்கியமில்லையா என்று தணிந்த குரலில் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். சொல்லும்போதே தன் தலையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்பாவோ இன்னும் ஒரு படி மேலே போனார்.

“கோட்டுப் போட்டவன் பொய் சொல்றான், நீ மட்டும் உண்மையா? கையக் கழுவிட்டுப் போயிருந்தா இந்தப் பேச்சு வந்திருக்குமா?”

அத்தை மறுநாள் காய்ந்த தலையோடு போனார். கூந்தல் சிலிர்த்துக்கொண்டு தொப்பிக்குள் அடங்கவில்லை என்று பின்னல் போட்டுக் கட்டிக்கொண்டு போனார். கிறிஸ்மஸுக்கு முன்பே அவரையும் அந்த வரிசையில் நின்ற வேறு சில பெண்களையும் நிறுத்திவிட்டார்கள். விடியலில் ஹாரன் அடித்த பஸ் அத்தை இல்லாமல் போனது. அவர் எழுந்து உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் பாயில்தான் படுத்திருந்தேன்.

தோட்டத்தில் பேச்சு வேறு மாதிரி போனது. எண்ணெய்க் கையால் கம்பெனிக்கு நஷ்டம் வைத்தவள் என்று ஒரு பெயர். அவரைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வீட்டார் விடுமுறை முடியட்டும் என்றார்கள். விடுமுறை அந்த ஆண்டும் முடிந்தது, அடுத்த ஆண்டும் முடிந்தது.

இப்போது ஒரு போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். பெட்டியோடு ஒரு கூப்பன் வந்திருந்தது. மலாக்கா டவுனில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் கொக்குக் கம்பெனி நடத்தும் பிள்ளைகள் போட்டி. நாங்கள் அதை முன்னாலேயே அனுப்பியிருந்தோம். என் பெயர் தேர்வாகியிருந்தது. போகக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். நடந்ததெல்லாம் போதாதா என்றார். அந்தச் சனிக்கிழமை அப்பா லாரி எடுத்துக்கொண்டு போனதும், அத்தை எனக்குத் தீபாவளிச் சட்டையைப் போட்டுவிட்டு, மெர்லிமாவ் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். “கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல” என்றார். வேறு எந்தக் காரணமும் அவர் மனதில் இருக்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காம்ப்ளெக்ஸின் நடுவில் மேடை. பெரிய கொக்கு பலூன். குளிர்சாதனத்தில் பாப்கார்ன் வெண்ணெய் மணம் தங்கியிருந்தது. நான் வீட்டில் உடைந்த கண்ட்ரோலில், வலப்பக்கம் போகாமலே சுற்றிச் சுற்றி அக்கரை சேரப் பழகியவள். நான்கு பக்கமும் வேலை செய்கிற பொத்தான் கிடைத்ததும் நீர்நாய் பறந்தது. ஒவ்வொரு சுற்றாக ஜெயித்துக் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டேன். எதிரே ஒரு சீனப் பையன். கண்ணாடி போட்டவன், என்னைவிட ஒல்லி. அத்தை கூட்டத்தின் முன்வரிசையில் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கடைசிச் சுற்றுக்கு வேறு கண்ட்ரோல் கொடுத்தார்கள். பாதி ஆற்றில் வலப்பக்கம் செத்துவிட்டது. அழுத்துகிறேன், அழுத்துகிறேன், நீர்நாய் நிற்கிறது. பக்கத்திலிருந்த பையன் எட்டிப் பார்த்தான். தன் விளையாட்டை நிறுத்திவிட்டு, மைக் பிடித்திருந்த கம்பெனி ஆளிடம் மலாயில் சொன்னான், இவளுடையது ரோசாக், கெட்டுவிட்டது என்று. இதை நான் மறக்கவில்லை. அந்த மேடையில் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

கம்பெனி ஆள் குனிந்து என் கையைப் பார்த்தார். மைக்கை வாயருகில் கொண்டு போனார். தங்கச்சி காலையில் எண்ணெய் சொட்டும் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவவில்லையா, என்று மலாயில் கேட்டார். கூட்டம் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு சிரித்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமைச் சிரிப்பு. நானும்கூட எல்லாரும் சிரிக்கிறார்களே என்று பாதி சிரித்துவிட்டேன்.

அத்தை மேடையேறி வந்ததை நான் பார்க்கவில்லை. என் மணிக்கட்டை யாரோ பிடித்தபோதுதான் திரும்பினேன். அவர் என் கையை விரித்து, உள்ளங்கையை அந்த ஆளின் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கத்தவில்லை. மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் பேசியது காம்ப்ளெக்ஸ் முழுக்கக் கேட்டது.

“சியும்லா. அடா பாவ் மின்யா?”

முகர்ந்து பார், எண்ணெய் வாசனை வருகிறதா என்று அர்த்தம். அந்த ஆள் பின்வாங்கினார். அத்தை ஓரடி முன்னே போனார். என் கை இன்னும் அந்த ஆளின் மூக்குக்கு முன்னேதான் இருந்தது. மேல்மாடியில் நகரும் படிக்கட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. பலூனுக்குக் காற்றடிக்கும் மிஷின் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆள் முகரவில்லை. மைக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், புன்னகை மாறாமல் காவலாளியைக் கண்ணால் கூப்பிட்டார். பிறகு மைக்கை மறுபடி எடுத்துச் சின்னத் தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்தார். பையன் ஜெயித்ததாகச் சொன்னார். எனக்குக் கொக்குப் படம் போட்ட கீ செயின் ஒன்றைத் தந்து தோளைத் தட்டினார். எங்களை வெளியே கொண்டுபோய்விட்ட காவலாளி வயதான மலாய்க்காரர். வாசலில் நின்று, மழை வருகிறது, பஸ் ஸ்டாப் வரை கூரையோரமாகவே போங்கள் என்று எங்களுக்கு வழி சொன்னார்.

பஸ்ஸில் நான் அழுதேன். கொக்குக் கம்பெனியை இனிமேல் தொடவே மாட்டேன், நீர்நாயை வெறுக்கிறேன் என்றெல்லாம் சொன்னேன்.

“நீர்நாய் உனக்கு என்ன பண்ணுச்சு?” என்றார் அத்தை. “அத வரைஞ்சவன் எவனோ ஒரு நல்லவன். புடிச்சிருந்தா வெளயாடு. கோட்டுப் போட்டவனுக்காக அத ஏன் வுடணும்?”

நான் இத்தனை வருடமாக ரசிகையாக இருப்பதற்கு அவர் கொடுத்த அனுமதிதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டை நேசிப்பேன். கம்பெனியை அருவருப்பேன். இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்துகொண்டுதான் இருக்கின்றன.

போட்டிக்கு, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் குடும்பமும் வந்திருந்ததாம். நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. குடும்ப மானத்தை டவுனில் போய் மேடையேற்றி விற்றுவிட்டாள் என்று அப்பா குதித்தார். மறுநாள் கொக்குப் பெட்டியை, நுரைப்பஞ்சு, கேசட் எல்லாவற்றோடும் சேர்த்து, கிராணி வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அது கண்ணில் படாவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று அவருக்கு எண்ணம். கிராணி மாற்றலாகிப் போனபோது பெட்டியும் போனது. அந்தக் கீ செயின் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

பள்ளி திறப்பதற்கு முன்பே அத்தையும் போய்விட்டார். தங்கா பத்துவில் இருந்த பஸ் சிநேகிதியின் வீட்டில் தங்கி, அங்கே ஒரு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு லைசென்ஸ் எடுத்துத் தானே வேன் ஓட்டினார். கல்யாணமும் அவரே பார்த்து அவரே செய்துகொண்டார். அப்பா போகவில்லை. நானும் அண்ணனும் பஸ் ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

செங் பாக்டரியைக் கொக்குக் கம்பெனி சில வருடங்களில் மூடிவிட்டுக் கூலி குறைந்த வேறு நாட்டுக்குப் போனது. சம்பளம் நேரத்துக்குப் போட்ட அதே ஒழுங்கோடு, பூட்டையும் நேரத்துக்குப் போட்டார்கள்.

இனி, இணையத்தில் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பழைய பெட்டிகளைச் சேகரிக்கிறவர்களின் குழு ஒன்றில், அந்த வருடத்துக் கண்ட்ரோல்களில் வலப்பக்கம் சாவதைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். செங்கில் செய்தவை மட்டும் அல்ல, வேறு நாடுகளில் இருந்த அந்தக் கம்பெனியின் பாக்டரிகளில் செய்தவையும் அப்படியே செத்திருக்கின்றன. எல்லாவற்றிலும் அதே மெல்லிய ரப்பர். அடுத்த வருடம் சத்தமில்லாமல் பழைய தடிப்புக்கே மாற்றியிருக்கிறார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகள் எழுதிக் கேட்டபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? வேர்த்த கையோடு விளையாடியிருப்பீர்கள் என்றார்களாம். செய்தவளுக்கு எண்ணெய்க் கை. விளையாடியவனுக்கு வேர்வைக் கை. அந்தக் கம்பெனியில் கை சுத்தமாக இருந்தவர்கள் கோட்டுப் போட்டவர்கள் மட்டும்தான்.

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்போது அவர் சர்க்கரை நோய் முற்றி, கால் புண்ணோடு சாய்வு நாற்காலியில் இருந்தார்.

“அப்ப அவ சொன்னதுதான் சரி” என்றார்.

அத்தையிடம் சொல்லுங்கள், போன் போட்டுத் தருகிறேன் என்றேன். சொல்றேன், நாளைக்குச் சொல்றேன் என்றார். அடுத்த வாரமும் கேட்டேன், அதையேதான் சொன்னார். சொல்லாமலேயே போய்ச் சேர்ந்தார். சாவு வீட்டுக்கு அத்தை வந்து, என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி வரை இருந்துவிட்டுப் போனார். என் அப்பாவை நான் நேசித்தேன். ஆனாலும் கோட்டுக்கு முன்னால் சொந்தத் தங்கையின் பேச்சு மட்டமாகத் தெரிந்த அந்தப் புத்தியை நினைத்தால், கொக்குக் கம்பெனியைவிட அதுதான் எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது.

இந்தக் கம்பெனி விழுந்துவிடும், பெயர் கெட்டுவிட்டது, இன்னும் சில வருடம்தான் என்று நம் பிள்ளைகள் இணையத்தில் ஆரூடம் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்து அந்தப் பெயர் கெடாத வருடமே கிடையாது. ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் கோபப்படுவோம், கையெழுத்து வேட்டை நடத்துவோம். அடுத்த விளையாட்டின் இசை காதில் விழுந்ததும் வரிசையில் போய் நிற்போம். இப்போது நம் சின்ன வயதையே அட்டைப்பெட்டியில் போட்டு நமக்கே விற்கிறார்கள். விளம்பரத்தில் ஒரு வரி வருகிறது பார்த்தீர்களா? அன்று உங்கள் கைக்குத் தெரிந்த அதே உணர்வு என்கிறார்கள். கூச்சமே இல்லாமல் எழுதியிருக்கிறார்கள். அதுவும் விற்கும். கொக்குக் கம்பெனி நன்றாகத்தான் இருக்கும். அதுதான் அருவருப்பு.

முன்பதிவில் என் பெயரைச் சேர்க்காதீர்கள். நீங்கள் வாங்குவதை நான் தடுக்கவில்லை. நீர்நாய் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

போன ஞாயிறு தங்கா பத்துவுக்குப் போயிருந்தேன். அத்தை வேனை விற்றுவிட்டார். முழங்கால் வலி. இப்போது வாசலில் பூச்செடி வைத்துக்கொண்டு, தெருப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டு இருக்கிறார். நான் போனில் அந்த விளம்பரத்தைக் காட்டினேன். சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்ததையும் சொன்னேன். எனக்குத் தெரியும்லா என்றார், அவ்வளவுதான். விளம்பரம் ஓடி முடியும் வரை பார்த்தார். நான் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன், அப்பாவைப் பற்றியோ, லைன் லீடரைப் பற்றியோ, திட்டியாவது.

“இப்ப எங்க வச்சு செய்யிறாங்களாம்?” என்று கேட்டார்.

தேடிப் பார்த்து ஒரு நாட்டின் பெயரைச் சொன்னேன். அவர் அந்த ஊர்ப் பக்கம் போனதில்லை. அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அங்கயும் பொம்பளப் புள்ளைங்கதான் ஒக்காந்து செய்யும்” என்றார். “அதுங்களுக்கு என்ன பேரு வைப்பானுங்களோ.”